வார்டோ, டிசம்பர், மூன்று படம்

சண்டைப் படம் முதலில்.
ஏழு குண்டு வாங்கியவன்
எழுந்து சட்டையை உதறுகிறான்.
காட் மீன் அறுக்கையில் கீறிய என் கட்டைவிரல்
மூன்று வாரமாய் ஆறவில்லை.
போகட்டும், கார்கள் பறந்த விதம் ஜோர்.

பேய்ப் படத்தில்
விளக்கணைந்ததும் அலறுகிறார்கள்.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரி வரை இங்கே தலைகாட்டாது;
ஓட்வார் பாதியிலேயே குறட்டை.
அந்தக் கதவுக் கிறீச்சு மட்டும்
வீடுவரை கூட வந்தது.

விண்வெளிப் படம் இழுவை.
ரப்பர் பாறைகள், புரியாத கணக்கு.
ஆனால் செவ்வாயிலிருந்து அவன் கேட்ட கேள்விக்கு
மனைவியின் பதில் வர
இருபது நிமிடம்.
அதுவரை சும்மா உட்கார்ந்திருந்தான்.

நானும் ரக்னில்டும்
ஒரே மேசையில் சூப் குடிக்கிறோம்.
உப்பு போதுமா என்று
நேற்றுக் கேட்டேன்.

பின்னணி இசைதான்
கொஞ்சம் அதிகம்.