நான்கு நிமிடம் முந்தி

பிழை வந்தது
செவ்வாய் இரவு மூன்று பதினாறுக்கு.
புதன், மூன்று பன்னிரண்டு.
வியாழன், மூன்று எட்டு.

நாற்பத்தொன்றாம் எண் வண்டி,
ஓட்டுநர் இருக்கையே இல்லாதது,
ஐந்தாம் வரிசைத் திருப்பத்தில்
தான் கடலுக்குள் நிற்பதாக நம்பி
அப்படியே உறைந்துவிடும்.
முதுகில் நாற்பதடிப் பெட்டி.
பின்னால் ஏழு வண்டிகள்.
ரோட்டர்டாம் துறைமுகத்தில் இதற்கு
நிமிடக் கணக்கில் அபராதம்.

"ஆண்டெனா பழசு" என்றேன்.
காற்றை மீறிக் கத்திச் சொன்னேன்.
வீட்ஸ்கே ஏதோ முணுமுணுத்தாள்,
எதிரொலி என்பது மாதிரி.
ஆண்டெனாவை மாற்றினோம்.
வெள்ளி, மூன்று நான்கு.

ரொட்டி சுற்றிய தாளில்
நேரங்களை வரிசையாக எழுதி
என் முன்னால் வைத்தாள்.
நாளுக்கு நான்கு நிமிடம் முந்துவது
நம் கடிகாரம் இல்லை, பௌக்கே,
விண்மீன்களின் நாள்.
செயற்கைக்கோள்கள் பழைய இடங்களுக்குத் திரும்புவது
அந்தக் கணக்கில்தான்.
வண்டிக்கு ஒன்றுமில்லை.
எங்கோ ஒரு சுவர்.

சனிக்கிழமை
இடச்சுழல் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு போனோம்.
வலமாய்ச் சுழன்று இறங்கும் அலை
இரும்பில் மோதினால் இடமாகிவிடும்,
கண்ணாடிக்குள் கை மாறுகிற மாதிரி.
சரியாக மூன்று மணிக்கு
முள் எகிறியது.
வடக்கே, ஐந்து அடுக்கு,
திவாலான ஒரு நிறுவனத்தின்
யாரும் கேட்டு வராத குளிர்பெட்டிகள்.

நகர்த்தச் சொன்னோம்.
வழக்கு இருக்கிறதாம்.

எனவே நிரலைத் திருத்தினாள்.
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்:
உரக்க வருவதை நம்பாதே.
நேராக வந்தது
கிரேன் கால்களுக்கிடையே நுழைந்து
மெலிந்துபோயிருக்கும்;
சுவரில் பட்டு வந்தது கொழுத்திருக்கும்.
ஆனால் அதற்குப் பாதை நீளம், கட்டாயம் பிந்தும்.
மூன்று நானோநொடி பிந்தினால்
இரண்டு முழம் பொய்.
முதலில் வந்ததன் முதல் விளிம்பைப் பிடி,
இரைச்சலுக்கு அடியில்
அது முனகலாய்க் கிடந்தாலும்.

எனக்குக் காது சுட்டது.
அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் அவளுக்கு விடுப்பு.
இரண்டு நாற்பத்தெட்டு.
அளவு நாடாவோடு மழையில் நின்றேன்.
வண்டி வந்தது, திரும்பியது,
நின்றது;
கோட்டிலிருந்து ஒரு விரற்கடை.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.
"என்ன?" என்றாள் தூக்கத்தில்.
கிரேன் இரைச்சல் அடங்கும்வரை பொறுத்து
மெதுவாகச் சொன்னேன்.