எளிது

நகராட்சி கொடுத்தவை இரண்டு:
தள்ளிக்கொண்டே போனால் மீட்டர் எண்ணும் மஞ்சள் சக்கரம்,
கட்டம் போட்ட தாள்.
பிளாவே ஆற்றங்கரையில்
பதினோராம் மடையிலிருந்து பதினான்காம் மடைவரை நடந்து
மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.
எளிது. நடுத்தரம். கடினம்.

கிளம்பும் முன்பே டிக் செய்திருக்கலாம்.
குதிரைகள் படகு இழுத்த பாதை இது;
குதிரைக்கு மூச்சு வாங்கக் கூடாதென்று
மேடே இல்லாமல் போட்டிருக்கிறார்கள்.

"எளிதா? யாருக்கு?" என்றார் இவோனிக்.
கறிக்கடையை மூடியவர்,
இடுப்பில் புது எலும்பு வைத்து ஐந்து மாதம் ஆனவர்.
கூப்பிடவில்லை நான். கூடவே வந்துவிட்டார்.

டிக், டிக் என்றது சக்கரம்.
டொக், டொக் என்றது அவருடைய கைத்தடி.
இரண்டுக்கும் தாளம் சேரவில்லை.

பாலத்தின் அடியில்
கருங்கல் மூலையில் விரல் தடிமனுக்குப் பள்ளங்கள்.
ஈரக் கயிறு உரசி உரசி அறுத்தவை.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்,
எலும்பில் கத்தி எவ்வளவு இறங்கியதென்று
பார்க்கிறவர் மாதிரி.
ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் மடை வீட்டில்
ஹைட்ரேஞ்சியாவுக்குப் பின்னாலிருந்து ரொசென் கத்தினாள்:
"போன வருஷமும் ஒருத்தர் இதையே அளந்தார்!
ஆறு நீண்டுவிட்டதா என்ன?"

பிறகு சதுப்பு.
ஆல்டர் மரங்கள் முழங்காலளவு கறுப்பு நீரில்.
கோரைக்குள் ஏதோ ஒன்று புரண்டு
நீர்மேல் ஒரு மடிப்பை மட்டும் அனுப்பியது.
பலகைப் பாதையில் மழைப் பாசி,
ஏழாவது பலகைக்கு ஆணி இல்லை.
எழுதிக்கொண்டேன்.

பதின்மூன்றைத் தாண்டியதும் இவோனிக் நின்றார்.
உட்கார இடம் தேடினார்.
புல் இருந்தது; அதில் உட்கார்ந்தால் எழ முடியாது.
மரம் இருந்தது; சாய்ந்தால் பட்டை ஈரம்.
நின்றார். நானும் நின்றேன்.
சக்கரம் ஒரு மீட்டர்கூட ஏறாத இருபது நிமிடம்.
எதிர்க்கரையில் நாரை ஒற்றைக் காலில் நின்றது,
அதற்கு அது எளிது.

திரும்பும்போது கைத்தடியை என்னிடம் தந்துவிட்டு
சக்கரத்தின் பிடியை வாங்கிக்கொண்டார்.
"இது உருள்கிறது, நல்லாயிருக்கு."
இரண்டடி முன்னே, ஓரடி பின்னே,
ரொட்டிக் கடை மூடுமுன் போகிற அவசரத்தில்
வளைந்து வளைந்து
என் கணக்கு முழுவதையும் கெடுத்தார்.

தாளில் எழுதியதையெல்லாம் அலுவலகம் வெட்டியது.
பாசி போயிற்று. ஆணி போயிற்று.
தப்பியது ஒற்றை வரி,
அச்சில் பொடி எழுத்தில், பக்கத்தின் அடியில்:
"பதின்மூன்றாம் மடைக்குப் பின் உட்கார இடமில்லை."
மேலே பெரிதாக: எளிது.

மார்ச்சில் புகார் வந்தது.
பதின்மூன்றுக்குப் பின், பாதையோரத்தில்,
அனுமதி பெறாத நாற்காலி ஒன்று.
அகற்றும் பொறுப்பு: நான்.

போனேன்.
கறிக்கடையில் வாடிக்கையாளர்கள் காத்திருந்த நாற்காலி,
சிவப்பு ரெக்சின், ஒரு மூலை கிழிசல்.
ஆல்டரோடு சைக்கிள் சங்கிலி கட்டிப் பூட்டியிருந்தது.
இருக்கையில் மழைநீர்; அதில் ஒரு பூச்சி நீந்தியது.

சங்கிலியறுக்கும் கத்தரி பையிலேயே இருந்தது.
கைக்குட்டையால் நீரைத் துடைத்தேன்.
பூச்சியைக் கோரைப் பக்கம் விட்டேன்.
உட்கார்ந்தேன், ஒரு சரிபார்ப்புக்காக.

கால் சமமாக நிற்கிறது.
முதுகுக்குச் சாய்வு போதுமானது.
இங்கிருந்து தெரிபவை:
நீர், எதிர்க்கரை, அந்த நாரை அல்லது வேறொரு நாரை.

அறிக்கையில் எழுதினேன்:
தேடினேன்.
புகாரில் சொன்ன பொருள் இடைஞ்சலாக எதுவும் இல்லை.