புளி போட்டாயா?

ஜித்ஹஃப்ஸ் சந்தையில் ஒரு கட்டு நூறு ஃபில்ஸ்.
பர்பீர், என்றாள் கீரைக்காரி.
பருப்புக்கீரை, என்றேன் நான்.
இருவரும் ஒன்றைத்தான் சொன்னோம்.
ஆனாலும் அவள் இன்னொரு முறை சொல்லி
நான் திருப்பிச் சொன்ன பிறகே
சில்லறை தந்தாள்.

இலையைக் கிள்ளிக்கொண்டு
தண்டுகளை மொட்டைமாடியில் எறிந்தேன்.
நான்காம் நாள் பார்க்கிறேன்,
சுடுகிற சிமெண்டில் கிடந்தபடியே
பூத்திருக்கிறது.
மஞ்சளாய், சட்டைப் பொத்தான் அளவு.
வேரில்லை, மண்ணில்லை, என் தயவும் இல்லை.

வெட்கமாகிவிட்டது எனக்கு.
இரண்டு நெய் டின், ஒரு பால்மாவு டின்,
செத்துப்போன ஏசியின் அடித்தட்டு.
ததேயு ஹித் யார்டிலிருந்து
மதியச்சோற்றுத் தூக்கில் மண் கொண்டுவந்தார்.
நக்கிப் பார்த்து, உப்பு, என்றார்.
பரவாயில்லை, இது கேட்காது, என்றேன்.
கேட்கவில்லை.
மூன்றே வாரத்தில் டின் விளிம்பில் வழிந்து
தண்ணீர்த் தொட்டியின் கால்வரை போய்விட்டது,
சிவந்த தண்டும் கொழுத்த இலையுமாக.

அவருக்குப் பகல், எனக்கு இரவு.
காலை ஐந்துக்கு யார்டு பஸ்.
ஏழரைக்கு நான் வார்டிலிருந்து வரும்போது
மெத்தையில் அவருடைய பள்ளம் மட்டும் இருக்கும்,
அதுவும் ஆறிப்போய்.
மாலையில் நாற்பது நிமிடம் நாங்கள் தம்பதி.
மீதி எல்லாம் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் குத்திய துண்டுச்சீட்டு.

ஜூலையில் பதினோரு நாள் தண்ணீரே ஊற்றவில்லை.
அவர் ஊற்றியிருப்பார் என்று நான்.
நான் ஊற்றியிருப்பேன் என்று அவர்.
செடி வாடவில்லை.
இலை கொஞ்சம் தடித்ததுபோல் இருந்தது,
கோபக்காரர் உதடு மாதிரி.

அதற்கப்புறம்தான் சண்டை.
காலையில் நான் கிள்ளிப் பருப்போடு கடைந்ததை
மாலையில் சாப்பிட்டுவிட்டுச் சீட்டு எழுதினார்:
புளி போட்டாயா?
இல்லை.
பொய். பல் கூசுகிறது.
மறுநாள் மாலை அவரே கிள்ளி,
பூண்டு தட்டிப் போட்டு வதக்கி வைத்திருந்தார்.
விடிந்து வந்து தின்றேன்.
சப்பென்று இருந்தது.
எழுதினேன்: என்ன செய்தீர்கள், கழுவியே கொன்றீர்களா?
அதே டின். அதே செடி.
ஒரு வாரம் சீட்டுச் சீட்டாய்
ஒருவர் நாக்கை ஒருவர் சந்தேகித்தோம்.

பெருநாளுக்கு அடுத்த நாள்
பட்டியல் போட்டவர் தவறோ என்னவோ,
இருவருக்கும் ஒரே விடுமுறை.
பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனோம்.
மணிக்கொரு இலை, ஆளுக்கொன்று,
கள்ளாட்டம் கூடாது.

ஏழு மணிக்கு: வெறும் பச்சை.
ஒன்பதுக்கு: அப்படியே.
தலைக்கு மேல் தாழ்ந்து முஹர்ரக்கில் இறங்கும் விமானம்
பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டுப் போகும்.
பதினோரு மணி இலையை வாயில் வைத்தபடியே
ததேயு தூங்கிப்போனார்.
மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை
வெயிலில் வேலை கூடாது என்று சட்டம்.
கொட்டகைக்குள் வாயை மூடிக் கிடந்து
நான்குக்கு மேல் மிச்சத்தை முடித்துவரும் உடம்பு.

எனக்குத் தூக்கம் எங்கே வரும்.
இரவு என் பகல்.
இரண்டு மணி இலை லேசாகக் கடித்தது.
மூன்றுக்கு, பச்சை மாங்காயின் கொட்டைப் பக்கம்.
பகலெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு
இருட்டிய பிறகுதான் இது சுவாசிக்கிறது போலும்.
அந்த மூச்சுத்தான் இலைக்குள் புளிக்கிறது.
தண்ணீர் தராதவர்களுக்கு இப்படி.
வார்டில் மூன்று மணிக்கு நான் கட்டில் கட்டிலாய் நின்று
ஏறி இறங்கும் நெஞ்சுகளை எண்ணுவேன்.
கை பழக்கம்,
ததேயுவுடையதையும் எண்ணினேன்.
பதினான்கு. நல்ல மூச்சு.
ஆறு வருடத்தில் இவர் தூங்கி நான் பார்த்தது
எத்தனை தடவை என்றும் எண்ணப் பார்த்தேன்,
விரல் மிச்சமிருந்தது.

பாங்கு சொல்லும் நேரம்
தடித்த இலையாய் ஒன்று கிள்ளி
அவர் உதட்டுக்குள் நுழைத்தேன்.
மென்றார். முகம் சுருங்கியது.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

புளி போட்டிருக்கிறாய்.