சீனிக்குப் போட்ட கோடு

புதன்கிழமை. அறுபத்திரண்டு வரை
இலக்கத் துண்டு கொடுத்தாயிற்று.
வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தவர்கள்
வாசலில் வடை விற்பவனைப்
பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு
உள்ளே வருகிறார்கள்.

என் மேசையில் ஒரு கோப்பை றப்பர்ச் சோறு,
றப்பர் மீன்துண்டு, இடியப்பம் மூன்று,
கதலிப்பழம் ஒன்று.
பழத்தில் நாலு பல்லடையாளம்:
யாருடைய பிள்ளையோ போன வருடம் ஏமாந்தது.
"ஒரு நேரத்துக்கு இவ்வளவுதான்" என்று
கோப்பையைத் தூக்கிக் காட்டினால்
பின்வாங்கில் சிரிப்பு எழும்பும்.
"இது பூனைக்கு, மிஸ்."

கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஜெஸீமா
கலியாண வீடுகளுக்கு வட்டிலப்பம் அவிப்பவர்.
"ருசி பாக்காம எப்பிடி இறக்குற?"
என் அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.
நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள் என்றேன்.
அவர் பார்த்த பார்வையில்
நான்தான் துப்பப்பட்டேன்.

அச்சடித்துக் கொடுக்கும் தாள்கள்
கச்சான் சுருளாகும், பஸ் சீற்றைத் துடைக்கும்.
ஒருநாள் மதிலோரம் ஒரு புள்ளிமான்
'மாப்பொருளைக் குறைப்போம்' பக்கத்தைக்
கடைசி எழுத்துவரை மென்று விழுங்கியது.
இந்த ஊரில் என் பேச்சை
முழுதாக உட்கொண்டது அது ஒன்றுதான் என்று
தாதிமாரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிழை.
இன்னொருவர் இருந்தார்.

கிறிசோஸ்தம், பாலையூற்று, ஐம்பத்தாறு வயது, இரவுத் தொழில்.
ஆறு மாதம் முன் முந்நூற்றுப் பன்னிரண்டு.
இன்று தொண்ணூற்றெட்டு.
'மிக நன்று' எழுதப்போன பேனையை
அவர் குரல் நிறுத்தியது.

"அண்டைக்கு ராவு ரெண்டு மணி இருக்கும், மிஸ்.
வெளிச்சவீடு ரெண்டாத் தெரிஞ்சுது.
வேர்த்து ஊத்துது, கை வலையைப் பிடிக்குதில்லை.
சம்மாட்டியின்ர மகன் கேக்கிறான்
குடிச்சிட்டியோ எண்டு.
மாதாவுக்கு நேந்து பதினாலு வருஷம், நான் தொடுறதில்லை."

பிறகு?

"பிறகு தெரியாது. கரையில கிடந்தன்."

ஊசி எத்தனை மணிக்கு? "அஞ்சுக்கு."
சாப்பாடு? "நீங்கள் காட்டின கோப்பை."
படகில் சீனி, பிஸ்கற், ஏதாவது?

முகம் பெருமையில் மலர்ந்தது.
"ஒண்டுமில்லை மிஸ். தேத்தண்ணியும் வெறும் சாயம்.
சீனிப் பேணியை நீங்கள் சொன்ன அண்டைக்கே
கடலில எறிஞ்சிட்டன்."

எங்கள் துறைமுகத்தின் ஆழத்தை
ஊர் ஊராக மெச்சுவார்கள்.
அதற்கு வெளியே எங்கோ
ஒரு தகரப் பேணி கிடக்கிறது,
என் பேச்சைக் கேட்டு.

அவர் கொப்பியில் என் கையெழுத்து.
'சீனி' என்று எழுதி
சிவப்பால் குறுக்கே வெட்டியிருந்தேன்.
ஒரு கோடு போதாதென்று இரண்டு.
சீனி இறங்கிப் போனால் என்ன செய்வதென்பது
நாலாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருக்கிறது.
அங்கு வரும்போது எப்போதும்
மணி பன்னிரண்டாகிவிடும்.

ஊசி அளவைப் பார்க்கச் சொல்லி
டொக்டருக்கு ஒரு துண்டு எழுதிவிட்டுக்
கன்ரீனுக்கு நடந்தேன்.
கால் கிலோ சீனி.
வெறும் மாத்திரைப் போத்தலைக் கழுவித் துடைத்து
கழுத்துவரை நிரப்பி
மேலே ஒட்டினேன்: மருந்து.
நடுங்கினால், வேர்த்தால்,
வெளிச்சவீடு இரண்டானால்
மூன்று கரண்டி. உடனே.
பிறகு சோறு. பிறகு வலை.

வாங்கில் இருந்தவர்களுக்கும் அன்று
நாலாம் பக்கத்தில்தான் தொடங்கினேன்.
யாரும் சிரிக்கவில்லை.
றப்பர்ச் சோறு பெட்டிக்குள்ளேயே இருந்தது.

அடுத்த மாதம் வந்தார். நூற்று நாற்பது.
போத்தலை மேசையில் வைத்தார்.
பாதிக்குக் கீழே போயிருந்தது.

எத்தனை தரம் நடுங்கியது?
"ஒருக்கா."
மிச்சம்?

கிறிசோஸ்தம் வாசலைப் பார்த்தார்,
பின் தன் கால் பெருவிரலை.

"சம்மாட்டியின்ர மகன், மிஸ்.
வெறும் சாயம் அவனுக்கு இறங்குதில்லையாம்."