மூன்றாம் திருத்தம்

சல்மாபாத், லேத் பட்டறை.
கூரைக்கு இருபத்தாறு தகடு,
கீழே பேட்டரிக்கு ஓர் அறை.
முதல் முறை திரும்பி வந்தது:
கேஸ் சிலிண்டர் மிக அருகில்.
இரண்டாம் முறை, முத்திரை மங்கலாம்.

இன்று பொறியாளர் ஹெஸ்ஸாவே ஏணியேறி வந்தாள்,
முக்காட்டின் மேல் மஞ்சள் ஹெல்மெட்,
கையில் என் வரைபடம்.

“இந்தக் கம்பி எங்கே போகிறது?
படத்தில் இல்லையே.”

எங்கும் போகவில்லை மேடம்.
சிலுவைமுத்து கட்டிய துணிக்கொடி,
ஏழு பேர் கைலி.
மூன்று மணிக்கு அதன் நிழல்
பதினான்காம் தகட்டில் விழும்
(நானும் பார்த்தேன், வரையத்தான் இல்லை).

டேப்பை இழுத்து நிழலை அளந்தாள்.
பேனாவை மூடினாள். திறந்தாள்.
ஓரத்தில் எழுதினாள்:
தகட்டை நகர்த்தவும்.

நகர்த்த இடமில்லை.
இருபத்தைந்து என்று திருத்தினேன்.
மேலே
எந்த அனுமதியும் கேட்காமல்
காய்ந்துகொண்டிருந்தன கைலிகள்.