காத்திருக்கத் தெரியாத சட்டை

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்
பனிச்சறுக்குக் கழகத்தார் பரப்பிய பழைய சாமான்களுக்கு நடுவே
பதினான்கு யூரோவுக்கு வாங்கினேன்.
பிளம் பழத்தோலின் நிறத்தில் ஒரு ஃப்ளீஸ்.
இடது முழங்கையில் யாரோ விழுந்த தழும்பு.
இழுத்தேன், வந்தது.
விட்டேன்,
ஒன்றும் நடக்காததுபோல் திரும்பிப் போனது.
அந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது.

உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்,
வரி அலுவலகத்தில் நாள்தோறும் நான் நிரப்பும் தாளைப் போல.
இங்கே நிரப்ப எண் இல்லை,
கட்டத்துக்கு ஒரு சிட்டிகைக் காற்று, அவ்வளவுதான்.
கட்டைவிரல் நுழைய ஓர் ஓட்டை.
கழுத்திலிருந்து நெஞ்சுவரை ஜிப்,
என் வானிலையை நானே திறந்து மூட.

போஹின் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கும் தெரியும்:
குளிரோடு கிளம்பு.
கார் நிறுத்துமிடத்தில் நடுங்காதவள்
முதல் வளைவில் நனைவாள்.
முதல் வளைவில் நனைந்தவள்
கணவாயில் உறைவாள்.

கோராஸ்டுக்கு அது மட்டும் மண்டையில் ஏறாது.
மைனஸ் பதினொன்று என்றால்
அலமாரியில் உள்ளது அத்தனையும் அவன் மேல்.
தெர்மாஸ், தொத்திறைச்சி, நேற்றைய ஆப்பிள் ஸ்ட்ரூடல்...
முதுகில் ஒரு சமையலறையைக் கட்டிக்கொண்டு
"நீ போ, ததேயா," என்றான். "மேலே பார்ப்போம்."

போனேன்.
ஸ்கீயின் அடியில் ஒட்டிய ரோமப்பட்டை
சரக் சரக்கென்று பனியைக் கவ்வியது.
லார்ச் மரங்கள் முடிந்த இடத்தில்
என் தோள்களிலிருந்து ஆவி எழுந்தது.
வியர்வை உள்ளே தங்கவில்லை.
துணியைக் கடந்து வெளியே வந்து
இழை நுனிகளில் வெள்ளையாகப் பூத்து நின்றது.
தட்டினால் உதிர்ந்தது.
கையை உயர்த்தினால் கூடவே உயர்ந்து
குனிந்தால் கூடவே குனிந்து...
ஒன்பது வருடக் கல்யாணத்தில்கூட
இவ்வளவு இணக்கம் கண்டதில்லை,
என்று நினைத்தேன். நினைத்தது உண்மை.

கணவாயில் நின்றேன்.
முதல் நிமிடம் சுகம்.
இரண்டாம் நிமிடம் காற்று வந்து
கட்டங்களை எண்ணத் தொடங்கியது.
ஐந்தாம் நிமிடம் முதுகெலும்பில் கணக்குத் தணிக்கை.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பதை
இந்தச் சட்டை கேட்டதே இல்லை.
அசைகிறவளின் சூட்டைத்தான் அது பிடித்துவைக்கும்.
சொந்தமாகச் சல்லிக்காசு வெப்பம் கிடையாது.
நின்றாயா, கைவிரித்துவிடும்.

என் தடித்த கோட்?
அவன் பையில்.
"உனக்கு எதற்குக் கனம்" என்று காலையில்
அவனே பிடுங்கித் திணித்துக்கொண்டான்.
வழியெல்லாம் என் வேகம் என்று நினைத்ததில்
எத்தனை கிலோ அவனுடையது?

பட்டையை உரித்தேன். இறங்கினேன்.
இருநூறு மீட்டர் கீழே, ஒரு பாறை ஓரம்,
கொதிக்கும் பானையாய் ஆவிவிட்டபடி உட்கார்ந்திருந்தான்.
பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர்,
பிழிந்தால் ஒரு வாளி.
"ஏன் இறங்கி வந்தாய்?"
"நிற்க முடியவில்லை."
"எனக்கு ஏற முடியவில்லை," என்று சிரித்தான்,
பற்கள் தந்தியடிக்க.

நனைந்ததெல்லாம் கழற்றவைத்தேன்.
பிளம் நிறத்தை என் தலைவழியே உருவி
அவன் தலையில் மாட்டினேன்.
எனக்கு உள்பனியனும் கோட்டும் போதும்.
தோளில் சிக்கியது. இழுத்தேன், வந்தது.
வயிற்றில் கட்டங்கள் செவ்வகங்களாயின.
தொப்புளுக்கு ஒரு விரல் மேலே
விளிம்பு பிடிவாதமாய் நின்றுவிட்டது.
"சூடாக இருக்கிறதே," என்றான் ஆச்சரியமாக.
அது நான், என்று சொல்லவில்லை.
ஸ்ட்ரூடலை நின்றபடியே தின்றோம்.
கணவாய்க்குப் போகவில்லை.

துவைத்துக் காயப்போட்டு நான்கு நாளாயிற்று.
தோள்கள் பழைய அளவுக்கு வந்துவிட்டன, கைகளும்.
வயிற்றுப் பக்கம் மட்டும்
இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.
அடுத்த ஞாயிற்றுக்கிழமை
அங்கே கொஞ்சம் காற்று அதிகம் புகும்.
புகட்டும்.