சில்லு

ஒன்பது மணிக்கே மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
அதன் இறக்கையொன்று லேசாய் இருமும்;
ஒலிவாங்கிக்கு இருமல் என்றால் உயிர்.
ஜன்னல்களையும் சாத்தினோம்.
உட்துறைமுக வீதி ஓட்டோக்கள் வெளியே தங்கிவிட
புழுக்கம் மட்டும் உள்ளே வந்து
முன்வரிசைக் கதிரையில் அமர்ந்தது.

எந்தக் கப்பற்காரனோ விட்டுப்போன பியானோ.
வயிற்றுக்குள் ஒரு இருபத்தைந்து வாட் பல்ப்
இரவு பகலாய் எரிகிறது,
உப்புக்காற்றுக்குப் பயந்து.
மொரீன் மூடியைத் தூக்கியதும்
கோழிக்குஞ்சுப் பெட்டியின் மஞ்சள் வெளிச்சம்.
"இந்தக் கட்டை ஒட்டும்.
அமத்தினா எழும்ப மனமில்லாமல் கிடக்கும்.
அதைத் தொடாமல் வாசிக்கிறன்" என்றாள்,
கடன்காரன் வீட்டைச் சுற்றிப் போகிறவள்போல.

பட்டியலில் ஏழு.
ஐரோப்பியத் துண்டுகள் நாலும்
மதியத்துக்குள் முடிந்தன, குறையொன்றுமில்லை.
ஐந்தாவது ஆனந்தபைரவி.
கௌரீசனின் வில் வழுக்கிப் போகும் இடமெல்லாம்
பியானோ படி வைத்து இறங்கவேண்டியிருந்தது.
இரண்டு கட்டைக்கு நடுவே
அதற்கு ஒரு அங்குல நிலமும் இல்லை.
ராகத்துக்கோ காணியே அங்கேதான்.
மொரீன் அவ்விடங்களில்
கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.
அந்த மடியையும் பதிந்தேன்.

ஆறாவது, அம்பா.
கரைவலை இழுப்பவர்களின் பாட்டு.
திருக்கடலூர்ப் புவனேந்திரா போனில் பாடி அனுப்ப
நிமேஷா அதைச் செல்லோவுக்கு எழுதினாள்;
கடைசி நாலு வரி
கல்லோயாச் சந்தியில் ரயில் நின்றபோது.

மூன்று தடவை வாசித்தார்கள்.
மூன்றும் கழுவித் துடைத்த கண்ணாடி.
கெண்டைக்காலில் காலை மணல் உதிராமல்
பின்னால் இருந்த புவனேந்திரா
"நல்லாத்தான் கிடக்கு" என்றான்.
எங்கள் ஊரில் அதற்கு
நல்லாயில்லை என்று பொருள்.
"சொல்லும்."
"ஒருத்தரும் எதிர்ப்பக்கம் இழுக்கேல்லையே."

மோட்டார்சைக்கிளில் கட்டியிருந்த கயிற்றை
அவிழ்த்து வந்தான்.
பியானோவின் காலில் ஒரு முடிச்சு.
மறுமுனையில் அவனும்,
காதுக்கருவியைக் கழற்ற மறந்த நானும்.
"அது அசையாது" என்றாள் மொரீன்,
"பித்தளைச் சில்லு. எனக்கு வயசு பத்து இருக்கேக்கை இறுகினது."
"கடலும்தான் அசையாது. நீங்க வாசியுங்கோ."

முதல் வரிக்கு இழுத்தோம்: ஒன்றுமில்லை.
இரண்டாம் வரிக்கு என் உள்ளங்கை எரிந்தது.
அவ்வளவில் நிமேஷாவின் வில்
நின்று, நினைத்து, பிறகே நகரத் தொடங்கியது.
மூன்றாம் இழுப்பில்
வீல் என்றொரு சத்தம். சில்லு விட்டுக்கொடுத்தது.
நாலு விரல் அகலம் பியானோ நடக்க
கைகள் பின்னால் ஓட
மொரீன் தொடக்கூடாததைத் தொட்டுவிட்டாள்.

கட்டை எழும்பவில்லை.
அதன் தந்தி அணையவும் இல்லை.
அந்த ஒற்றைச் சுரம் அடியில் கிடந்து
பாட்டு முழுவதையும் தன் பக்கம் இழுத்தது,
நனைந்த மடி மீனோடு இழுப்பதைப்போல.
உள்ளே பல்ப் ஆடியது.
சுவரில் எங்கள் நிழல்கள்
முன்னுக்கும் பின்னுக்கும்.

புவனேந்திரா ஒன்றும் சொல்லவில்லை.
கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

இப்போது கொழும்பிலிருந்து கேட்கிறார்கள்,
இரண்டாம் நிமிடத்துக் கிரீச்சலை
எடுத்துவிடலாமா என்று.
வாத்தியப் பட்டியலை மறுபடி அனுப்பினேன்:
பியானோ, வயலின், செல்லோ,
கீழே நாலாவதாய், சில்லு.
தரைக் கீறலுக்கு மண்டபத்தார்
ஆயிரத்தைந்நூறு வாங்கினார்கள்,
பற்றுச்சீட்டோடு.

ஏழாவதைப் பதியவில்லை.
தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள்
வாசற்படியில் வைத்த சுரத்தாளை
புள்ளிமானொன்று மென்றுகொண்டிருந்தது,
இரண்டு பக்கத்தையும்
அவசரமில்லாமல்.